என்பு மச்சை மாற்றிய பிறகு எந்த இரத்தச் சோதனைக்குக் காசு செலவழிப்பது?

போன மாதம் ஒரு அம்மா வெள்ளவத்தையிலிருந்து என்னைத் தேடி வந்தார். தடித்த ஃபைல் ஒன்றை மேசையில் வைத்தார். மகனுக்கு இந்தியாவில் என்பு மச்சை மாற்றி 74 நாள். கொழும்புக்குத் திரும்பி இரண்டு கிழமை. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் புதிய புரதச் சோதனை ஒன்றைப் பற்றிப் படித்துவிட்டு, "அதைச் செய்தால் பிள்ளை தேறுவானா என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்" என்று சொல்லியிருக்கிறார். அதற்குக் காசு சேர்க்க, கிழமைக்கு இரண்டு தரம் செய்யச் சொன்ன எஃப்பிசியை, அதாவது முழு இரத்த எண்ணிக்கைச் சோதனையை, இவர் ஒரு தரமாகக் குறைத்திருந்தார்.

"அக்கா, இதில எதை விடலாம், எதை விடக்கூடாது?" என்று கேட்டார்.

இதே கேள்வியை வேறு குடும்பங்களும் கேட்டிருக்கின்றன. அதனால்தான் எழுதுகிறேன். நான் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவள், வைத்தியர் அல்ல. எந்தச் சோதனை எதைச் சொல்லும், எங்கே ஏமாற்றும் என்பது எனக்குத் தெரியும். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் மாற்றுச் சிகிச்சை செய்த குழுவின் வேலை.

## எதை வைத்து ஒப்பிடுவது

"தேறுகிறாரா" என்பது ஒரு கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே நான்கு கேள்விகள் இருக்கின்றன. புதிய மச்சை பிடித்துவிட்டதா? இப்போது உடம்பில் ஓடும் இரத்தம் யாருடைய மச்சையிலிருந்து வருகிறது, மச்சை கொடுத்த வழங்கியினுடையதா, பழையதா? வழங்கியின் கலங்கள் நோயாளியின் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கப் போகின்றனவா? வார்ட்டில் எல்லோரும் ஜிவிஎச்டி என்று சொல்வது இதைத்தான். கடைசியாக, நிர்ப்பீடனம் திரும்பிவிட்டதா? நான்குக்கும் பதில் சொல்லும் ஒரே சோதனை கிடையாது.

ஆகவே ஒவ்வொரு சோதனையிடமும் நான் கேட்பது: இந்த நான்கில் நீ எதற்குப் பதில்? எந்த நாட்களில் உன் பேச்சை நம்பலாம்? உன்னை வேறு எது குழப்பும்? கொழும்பில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பச் செய்ய முடியுமா? எல்லாவற்றையும் விட நான் பெரிதாக எடுப்பது ஒன்று: பதில் வந்த பிறகு டொக்டர் எதையாவது மாற்றுவாரா? ஒன்றும் மாறாது என்றால், அந்தக் காசைப் பஸ்ஸில் போகாமல் வாகனம் பிடித்து கிளினிக்குக்குப் போகச் செலவழிப்பது மேல்.

செலவு பில்லில் உள்ள தொகை மட்டுமல்ல. காத்திருக்கும் அறையில் இருமும் ஆட்களுக்கு நடுவே இருப்பதும் செலவுதான். சின்னப் பிள்ளையிடம் திரும்பத் திரும்ப எடுக்கும் இரத்தமும் செலவு. வவுனியாவிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து வாடகை அறையில் தங்கும் குடும்பத்துக்கு, பதில் தாமதமாகும் ஒவ்வொரு நாளும் செலவு. கீழே அட்டவணையில் உள்ள புதிய பெயர்களை ஒவ்வொன்றாகப் பின்னால் விளக்குகிறேன்.

| சோதனை | எதற்குப் பதில் | பேசும் காலம் | எது குழப்பும் |
|---|---|---|---|
| நியூட்ரோபில் எண்ணிக்கை | மச்சை பிடித்ததா | முதல் மாதம், பிறகும் தொடர்ந்து | ஜிசிஎஸ்எஃப் ஊசி (வெள்ளைக் கலத்தைக் கூட்டுவது), சில மருந்துகள் |
| பிளேட்லெட், ஐபிஎஃப் | மச்சை உற்பத்தி செய்கிறதா | இரண்டாம் கிழமை முதல் | ஏற்றிய பிளேட்லெட், டெங்கு |
| கைமெரிசம் | யாருடைய இரத்தம் | 30 ஆம் நாள் முதல் | முதல் மாதிரி இல்லாமை |
| ஈசிக்ஸ் | இரத்தக்குழாய்ச் சுவருக்குப் பாதிப்பா | மாற்றுச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் | அலகு, உடைந்த செங்கலங்கள் |
| எஸ்டி2, ரெக்3 ஆல்ஃபா | ஜிவிஎச்டி கடுமையாகுமா | முதல் கிழமையிலிருந்து | கிடைப்பது அரிது |
| சிடி4 | நிர்ப்பீடனம் | மூன்றாம் மாதத்துக்குப் பின் | ஸ்டீராய்ட் |

## நியூட்ரோபில்: மலிவான சோதனை, ஆனால் முதலிடம்

மச்சை பிடித்ததற்கு உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட அடையாளம் இதுதான்: நியூட்ரோபில் மைக்ரோலீற்றருக்கு 500 அல்லது அதற்கு மேல், தொடர்ந்து மூன்று நாள். அந்த மூன்றில் முதல் நாளைத்தான் பிடித்த நாள் என்று எழுதுவார்கள். சொந்த மூலக் கலங்களையே திருப்பி வாங்கியவர்களுக்கு இது பெரும்பாலும் 10 முதல் 14 நாளுக்குள் வந்துவிடும். இன்னொருவருடைய மச்சை என்றால் இரண்டு, மூன்று கிழமை எடுக்கும். தொப்புள்கொடி இரத்தம் இன்னும் தாமதம். கொடுத்த கலங்களின் அளவும் இதைத் தீர்மானிக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 20 இலட்சம் சிடி34 கலங்களாவது (மூலக் கலங்களை எண்ணும் பெயர்) வேண்டும் என்பார்கள். 50 இலட்சம் இருந்தால் நிம்மதி. உங்கள் டிஸ்சார்ஜ் தாளில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏன் நியூட்ரோபில்? இரத்தத்தில் அதன் ஆயுள் ஒரு நாளுக்கு மேல் நீடிப்பதில்லை. இன்றைக்கு எண்ணிக்கையில் தெரிவது மச்சை நேற்றும் இன்றும் செய்து அனுப்பியது. செங்கலமோ 120 நாள் வாழ்கிறது. ஹீமோகுளோபின் நல்லாக இருந்தால் அது போன கிழமை ஏற்றிய இரத்தமாகவும் இருக்கலாம். அதனால் ஆரம்ப நாட்களில் ஹீமோகுளோபினைப் பார்த்து சந்தோஷப்பட வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

கணக்கு சுலபம். வெள்ளைக் கலம் 1,200, நியூட்ரோபில் 45 வீதம் என்றால் 540. இனி ஆய்வுகூடத்துக்குள் இருந்து ஒரு விஷயம் சொல்கிறேன். வெள்ளைக் கலம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது மெஷின் பிரித்துச் சொல்வதை நாங்கள் அப்படியே நம்புவதில்லை. கண்ணாடித் தட்டில் பூசி, நுணுக்குக்காட்டியில் 100 கலங்களை எண்ணிப் பார்ப்போம். 100 கலத்தில் 45 என்று எண்ணினால், உண்மையான அளவு 35க்கும் 55க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். அதாவது அந்த 540 உண்மையில் 420 ஆகவும் இருக்கலாம், 660 ஆகவும் இருக்கலாம். நேற்று 540, இன்று 470 என்றால் பிள்ளை பின்னோக்கிப் போய்விட்டான் என்று அர்த்தமில்லை. மூன்று நாள் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே நாளில் இரண்டு லாப்பில் செய்து ஒப்பிட்டு அழுத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ஒரே இடத்தில் செய்யுங்கள்.

ஜிசிஎஸ்எஃப் ஊசி போட்டால் எண்ணிக்கை ஏறும்; நிறுத்தினால் ஓரிரு நாளில் பாதியாகக் குறையலாம். அது மச்சை தோற்றதாக ஆகாது. தொற்றைத் தடுக்கக் கொடுக்கும் கோட்ரிமொக்சசோலும், சிஎம்வி வைரஸுக்குக் கொடுக்கும் கன்சைக்ளோவிரும் கூட எண்ணிக்கையை இறக்கும். ரிப்போர்ட்டோடு மருந்துப் பட்டியலையும் கொண்டு போகாவிட்டால் டொக்டருக்குப் பாதிக் கதைதான் தெரியும்.

நான்கு கேள்விகளில் ஒன்றுக்குத்தான் இது பதில். ஆனால் பதில் வந்தவுடன் முடிவு மாறும்: ஊசியை நிறுத்துவது, நுண்ணுயிர்க்கொல்லியை மாற்றுவது, வீட்டுக்கு அனுப்புவது. அந்த அம்மாவிடம் நான் சொன்ன முதல் சொல், "எஃப்பிசியை மட்டும் விடாதீங்கோ" என்பதுதான்.

## பிளேட்லெட்டும் ஐபிஎஃப்பும்

பிளேட்லெட் பிடித்ததாகக் கணக்கெடுப்பது 20,000 தாண்டிய பிறகு, அதுவும் முந்திய ஏழு நாளில் பிளேட்லெட் ஏற்றாமல் இருந்தால் மட்டும். நியூட்ரோபில்லுக்குப் பிறகே இது வழமையாக வரும்.

முதலில் அலகைப் பாருங்கள். இந்தியாவில் செய்த ரிப்போர்ட்டில் "0.4 இலட்சம்" என்று இருக்கும், இங்கே அதையே 40 என்றோ 40,000 என்றோ அடித்துக் கொடுப்பார்கள். மூன்றும் ஒன்றுதான். 0.4ஐயும் 40ஐயும் ஒப்பிட்டு, நூறு மடங்கு கூடிவிட்டது என்று நம்பிய ஒரு தகப்பனை எனக்குத் தெரியும்.

ஐபிஎஃப் என்பது இளம் பிளேட்லெட்டுகளின் வீதம். மச்சையிலிருந்து இப்போதுதான் வெளியே வந்த பிளேட்லெட் அளவில் பெரியது, உள்ளே ஆர்என்ஏ மிச்சம் இருக்கும். சில மெஷின்கள் அதைத் தனியாக எண்ணும். மொத்த எண்ணிக்கை ஏறுவதற்குச் சில நாட்கள் முன்பே ஐபிஎஃப் ஏறிவிடும். எண்ணிக்கை இன்னும் 12,000ல் நிற்கும்போது ஐபிஎஃப் ஏறத் தொடங்கினால், மச்சை விழித்துக்கொண்டது என்று அர்த்தம். வேறு காரணம் இல்லாவிட்டால் இன்னொரு பை ஏற்றுவதைத் தள்ளிப் போடலாமா என்று டொக்டர் யோசிக்க முடியும்.

இன்னொரு பயன் பின்னாளில். பிளேட்லெட் இறங்கும்போது ஐபிஎஃப் உயர்ந்திருந்தால், மச்சை செய்து அனுப்புகிறது, வெளியே எங்கேயோ அழிகிறது. ஐபிஎஃப்பும் தாழ்ந்திருந்தால் மச்சையே செய்யவில்லை. இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு.

மறைந்த செலவு இதில் குறைவு, ஏனென்றால் எஃப்பிசிக்கு எடுத்த அதே ஊதா மூடிக் குழாய் போதும். ஆனால் எல்லா மெஷினிலும் இல்லை. குழாயைக் கொடுக்கும் முன் கேளுங்கள். பிளேட்லெட் ஏற்றிய மறுநாள் ஐபிஎஃப் பார்ப்பது வீண். ஏற்றியவை பழைய பிளேட்லெட்டுகள், வீதத்தை நீர்த்துப் போகச் செய்துவிடும். இன்னொன்று: அந்த ஊதாக் குழாயில் உள்ள மருந்தால் சிலருக்குப் பிளேட்லெட் ஒட்டிக் கட்டியாகி, எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும். திடீரென்று காரணமில்லாமல் விழுந்தால், நீல மூடிக் குழாயில் திரும்ப எடுத்து, தட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு டெங்குவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மே மாதம் மழை தொடங்கினால் பிளேட்லெட் இறங்கும் எல்லாக் கதையிலும் டெங்குவும் ஒரு சந்தேகம். மாற்றுச் சிகிச்சை செய்தவர்களில் பிறபொருளெதிரிச் சோதனை நம்பகமாக இருக்காது, அதைச் செய்யும் கலங்களே இன்னும் பலவீனம். காய்ச்சலின் முதல் நாட்களில், வைரஸின் புரதத்தையே தேடும் என்எஸ்1 சோதனைதான் உதவும். பப்பாசி இலைச்சாறு பற்றி வீட்டில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அவிக்காத இலையில் உள்ள கிருமி, நியூட்ரோபில் குறைந்த பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. கொடுக்காதீர்கள்.

## கைமெரிசம்

இன்னொருவருடைய மச்சை வாங்கியவர்களுக்கு மட்டும் உள்ள சோதனை. சொந்தக் கலம் வாங்கியவர்களுக்கு இதில் பொருளே இல்லை, யாராவது எழுதித் தந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வழங்கிக்கும் நோயாளிக்கும் மரபணுவில் வேறுபடும் சில இடங்களைப் பார்த்து, இரத்தத்தில் யாருடைய பங்கு எவ்வளவு என்று சொல்வார்கள். 30, 60, 90 அல்லது 100 ஆம் நாட்களில் செய்வது வழக்கம். எண்ணிக்கைகள் நல்லாக இருந்தாலும் உள்ளே பழைய மச்சை மெல்லத் திரும்பி வருகிறதா என்பதை இது மட்டும்தான் காட்டும்.

ஒரே எண்ணுக்கு நோயைப் பொறுத்து அர்த்தம் மாறும் என்பதைக் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். லுகேமியாவுக்காக மாற்றுச் சிகிச்சை செய்தவருக்கு வழங்கியின் பங்கு 100லிருந்து 92, 85 என்று இறங்கிக்கொண்டு போனால் அது அவசரம். நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தைக் குறைப்பதா, வழங்கியின் லிம்போசைற் (ஒரு வகை வெள்ளைக் கலம்) கொடுப்பதா என்று உடனே யோசிப்பார்கள். தலசீமியா பிள்ளைக்கு வழங்கியின் பங்கு அதைவிடக் குறைந்து, ஆனால் நிலையாக நின்றால், இரத்தம் ஏற்றாமலே வாழ்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இருக்கும் அளவுக்கு அந்த நோய் எங்கள் நாட்டில் உண்டு; அதனால் இந்த வித்தியாசம் எங்களுக்கு முக்கியம். லுகேமியாக் குடும்பத்தின் எண்ணைத் தலசீமியாக் குடும்பம் வாட்ஸ்அப்பில் பார்த்துப் பயப்படக் கூடாது.

மறைந்த செலவு இங்கே பெரியது. ஒப்பிட்டுப் பார்க்க மாற்றுச் சிகிச்சைக்கு முன் எடுத்த இருவரின் மாதிரியும் வேண்டும். வேலூர் சிஎம்சியில் 1986 முதல் இந்தச் சிகிச்சை நடக்கிறது. எங்கள் ஆட்கள் பலர் அங்கேயும் சென்னைக்கும்தான் போகிறார்கள். முதல் மாதிரியின் விவரம் அங்கேயே இருக்கும். இங்கே திரும்பிய பிறகு வேறு லாப்பில் புதிதாகத் தொடங்கினால், வழங்கியிடம் மறுபடி இரத்தமும், நோயாளியிடம் வாயின் உட்பக்கத்தில் துடைத்த மாதிரியோ நகத் துண்டோ கேட்பார்கள். முதல் மாதிரி இருக்கும் இடத்துக்கே இரத்தத்தை அனுப்பும் ஏற்பாட்டைச் செய்துகொள்வது பலருக்கு நேரமும் காசும் மிச்சம். ஊருக்குத் திரும்பும் முன்பே அங்கே கேட்டு, எழுத்தில் வாங்கி வாருங்கள்.

## ஈசிக்ஸ்

தனிச் சோதனை அல்ல, ஒரு கணக்கு. எல்டிஎச்சை (கலங்கள் சேதமானால் இரத்தத்தில் கூடும் நொதியம்) கிரியேட்டினினால் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் அளவு) பெருக்கி, பிளேட்லெட்டால் வகுப்பது. 2017ல் ஜேர்மனியின் ஹைடெல்பெர்க் குழுவினர் முன்னின்று வெளியிட்ட ஆய்வில், ஜிவிஎச்டி வந்தவர்களில் யாருக்கு ஆபத்து அதிகம் என்பதைக் காட்டியது. மெல்லிய இரத்தக்குழாய்களின் உட்சுவர் பாதிக்கப்பட்டால் மூன்றும் மோசமான பக்கம் நகரும், எண் ஏறும். மூன்றும் ஏற்கெனவே செய்கிற சோதனைகள்தான், மேலதிகச் செலவு ஒரு சதமும் இல்லை. அதனால் எனக்கு இதில் ஒரு பிரியம்.

ஆனால் வீட்டில் கணக்குப் பார்க்க வேண்டாம். எல்டிஎச் 300, கிரியேட்டினின் 1.0 மில்லிகிராம், பிளேட்லெட் 50 ஆயிரம் என்றால் விடை 6. இங்கே பல லாப்கள் கிரியேட்டினினை மைக்ரோமோலில் கொடுக்கின்றன. அதே ஆளின் அதே இரத்தத்துக்கு 88 என்று வரும். அதைப் போட்டால் விடை 500ஐத் தாண்டும், வீடே இடிந்து போகும். இரத்தம் எடுக்கும்போது ஊசியால் வேகமாக இழுத்து செங்கலம் உடைந்தாலும் எல்டிஎச் பொய்யாக ஏறும். இதன் பெறுமதி, டொக்டரை முன்னதாக விழிப்படைய வைப்பது. தனியாக மருந்தை மாற்றும் அளவுக்கு இது நிற்காது.

## எஸ்டி2, ரெக்3 ஆல்ஃபா

சொந்தக்காரர் சொன்னது இதைத்தான். எஸ்டி2, கலங்களில் சமிக்ஞையைப் பெறும் ஒரு வாங்கிப் புரதம். ரெக்3 ஆல்ஃபா சிறுகுடல் சுவரின் நுண்குழிகளின் அடியில் உள்ள கலங்களிலிருந்து வருவது, குடல் சுவர் பாதிக்கப்படும்போது இரத்தத்தில் கசியும். இரண்டையும் சேர்த்து அமெரிக்காவில் ஜேம்ஸ் ஃபெராராவும் ஜோன் லெவினும் முன்னின்ற குழு ஒரு கணக்கை உருவாக்கியது. 2017ல் அவர்கள் வெளியிட்டதில், ஏழாம் நாளிலேயே, அதாவது அறிகுறி எதுவும் வருமுன்பே, ஆபத்துக் கூடியவர்களைப் பிரிக்க முடிந்தது. ஆறு மாதத்துக்குள், நோய் திரும்பாமல் வேறு காரணத்தால் இறந்தவர்கள் கூடிய ஆபத்துக் குழுவில் 28 வீதம், குறைந்த குழுவில் 7 வீதம்.

விஞ்ஞானம் உண்மையில் அழகானது. ஆனால் அதே எண்களைத் திருப்பிப் பாருங்கள். "கூடிய ஆபத்து" என்று முத்திரை விழுந்தவர்களில் நூற்றுக்கு 72 பேர் அப்படி இறக்கவில்லை. ஒரு குடும்பத்தின் கையில் அந்த முத்திரையை மட்டும் கொடுத்தால் அவர்கள் எப்படி உறங்குவார்கள்? என்னுடைய பெரிய கேள்விக்கும் பதில் திருப்தியாக இல்லை. இந்தச் சோதனையில் ஆபத்து என்று தெரிந்தவர்களுக்கு முன்கூட்டியே ஆல்ஃபா-1 அன்டிட்ரிப்சின் என்ற, அழற்சியைத் தணிக்கும் புரதத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2020ல் வந்தது. ஸ்டீராய்டுக்கு அடங்காத ஜிவிஎச்டி அதனால் குறையவில்லை. முன்கூட்டித் தெரிந்துகொள்வதும் முன்கூட்டித் தடுப்பதும் இன்னும் ஒன்றாகவில்லை.

இதைத் தெரிவு செய்ய நல்ல இடம் உண்டு: ஆய்வு நடக்கும் மாற்றுச் சிகிச்சை நிலையத்தில், ஆய்வின் பகுதியாகக் கேட்டால் சம்மதியுங்கள். 74 ஆம் நாளில் வயிற்றோட்டமோ தோல் சிவப்போ இல்லாத பிள்ளைக்கு, கொழும்பிலிருந்து மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பிச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

## ஃபெரிட்டினும் சிஆர்பியும்

சுருக்கமாகவே சொல்லலாம். உடம்பில் சேர்ந்துள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் மாற்றுச் சிகிச்சைக்கு முன் பெறுமதியானது, முக்கியமாகத் தலசீமியாவில். இரும்பு ஏறிய ஈரல் பின்னால் கஷ்டம் தரும். பின்னர் தொற்றிலும் அழற்சியிலும் அது தானாக ஏறும், தனியாகப் பார்த்தால் குழப்பம்தான். அழற்சியைக் காட்டும் சிஆர்பியும் அப்படியே: தொற்று, ஜிவிஎச்டி, மச்சை பிடிக்கும் நாட்களின் காய்ச்சல், எல்லாவற்றிலும் ஏறும். 38 பாகை காய்ச்சல் வந்தால் சிஆர்பி ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் நேரே வார்ட்டுக்குப் போக வேண்டும்.

## லிம்போசைற்றும் சிடி4ம்

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு கேள்வி மாறுகிறது. நியூட்ரோபில் நல்லாக இருந்தாலும் நிர்ப்பீடனத்தை வழிநடத்தும் லிம்போசைற்றுகளான சிடி4 கலங்கள் மைக்ரோலீற்றருக்கு 200 தாண்ட ஆறு மாதமோ ஒரு வருடமோ, சில வேளை அதற்கு மேலோ எடுக்கும். எஃப்பிசியில் உள்ள லிம்போசைற் எண்ணிக்கை ஒரு இலவச முன்னோட்டம். சிடி4ஐ அடிக்கடி செய்யத் தேவையில்லை; கோட்ரிமொக்சசோலை நிறுத்துவதா, பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவதா என்று முடிவெடுக்கும் நேரத்தில் செய்தால் காசுக்குப் பெறுமதி. எம்எம்ஆர் போன்ற உயிருள்ள தடுப்பூசிக்கு எப்படியும் 24 மாதம் பொறுக்க வேண்டும், அப்போதும் ஜிவிஎச்டியும் நிர்ப்பீடனத்தை அடக்கும் மருந்தும் இல்லாமல் இருக்க வேண்டும்.

## யாருக்கு எது

சொந்தக் கலம் வாங்கிய மயலோமா, லிம்போமா நோயாளிக்கு எஃப்பிசி, கிடைத்தால் ஐபிஎஃப், சிறுநீரக, ஈரல் சோதனைகள். அவ்வளவுதான், கைமெரிசத்துக்கும் ஜிவிஎச்டி புரதங்களுக்கும் ஒரு ரூபாயும் வேண்டாம்.

வழங்கியிடமிருந்து வாங்கிய லுகேமியா நோயாளிக்கு எஃப்பிசிக்கு அடுத்தது கைமெரிசம். காசு மட்டாக இருந்தால் 30 ஆம் நாளையும் 100 ஆம் நாளையும் கட்டாயம் பிடித்துக்கொள்ளலாமா என்று குழுவிடம் கேளுங்கள். தலசீமியா பிள்ளைக்கும் கைமெரிசம் வேண்டும், ஆனால் அங்கே பார்க்க வேண்டியது ஒரு தனி எண்ணை அல்ல, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதை.

இந்த ஒப்பீட்டுக்கு வெளியே இரண்டு சோதனைகள் உண்டு. தேறுவதை அவை முன்கூட்டிச் சொல்லாது, ஆனால் காசு குறையும்போது குடும்பங்கள் முதலில் வெட்டுவது அவற்றைத்தான். சிஎம்வி வைரஸை இரத்தத்தில் தேடும் பிசிஆர், நோய் வருமுன் மருந்து தொடங்க வைக்கும். நிர்ப்பீடனத்தை அடக்கும் டக்ரோலிமஸின் இரத்த அளவு, காலை மருந்தைக் குடிக்கும் முன் எடுக்க வேண்டியது. அந்த மருந்தை ஏற்றிய குழாயிலிருந்தே இரத்தத்தை எடுத்தால் பொய்யாகக் கூடிக் காட்டும். இரண்டிலும் பதில் வந்த அன்றே மருந்து மாறலாம். என் அளவுகோலின்படி இவற்றை வெட்டிப் புதிய புரதச் சோதனை செய்வது பிழை.

அந்த அம்மாவுக்கு ஒரு சி.ஆர். கொப்பியில் கோடு போட்டுக் கொடுத்தேன். திகதி, எத்தனையாம் நாள், எந்த லாப், வெள்ளைக் கலம், நியூட்ரோபில், பிளேட்லெட் ஆயிரத்தில், ஹீமோகுளோபின், கிரியேட்டினின் எந்த அலகில். அதற்குப் பக்கத்தில் இன்னொரு நிரல்: அன்றைக்கு ஏற்றிய இரத்தமோ பிளேட்லெட்டோ, போட்ட ஊசி, புதிதாகத் தொடங்கிய மருந்து, காய்ச்சல். முதல் பக்கத்தில் வழங்கியின் இரத்த வகையும் பிள்ளையின் பழைய இரத்த வகையும், ஏற்றும் இரத்தம் கதிர்வீச்சுக்கு உட்படுத்தியதாக இருக்க வேண்டும் என்ற குறிப்பும். கிழமைக்கு இரண்டு தரம் எஃப்பிசியை மறுபடி தொடங்கிவிட்டார். போன செவ்வாய்க்கிழமை 81 ஆம் நாள் வரிசையை நிரப்பி எனக்குப் படம் அனுப்பியிருந்தார்.